"வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?": மருத்துவர்களுக்கும் வைத்தியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நீண்டநாள் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், அவர்களுக்கு மூலிகை கொடுக்கும் வைத்தியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாகவே எழுத நினைத்தேன். ஆனால் நீங்கள் இருவரும் கொடுப்பது ஒரே வயிற்றுக்குள்தானே போகிறது? நீங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. உங்கள் மருந்துகள் மட்டும் தினமும் சந்தித்துக்கொள்கின்றன.

எனக்கு ஒன்பது வருடமாக முடக்குவாதம். விரல் மூட்டுகளில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கால் என்று பரவியது. வாரம் ஒருமுறை நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மறுநாள் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இரண்டாம் வருடத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நோய் நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்றார். உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவருடைய அறைக்கு வரும் மாடிப்படியில் நான் இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் ஏறியிருந்தேன். தூக்கம் கிடையாது, பசி கிடையாது, காலையில் எழுந்தால் இரவெல்லாம் மூட்டை சுமந்த மாதிரி ஓர் அசதி. சொன்னேன். "அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்றார். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நோய் அடங்குவது வேறு, ஆள் தேறுவது வேறு. முதலாவதற்கு உங்களிடம் எண்கள் இருக்கின்றன. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குறைந்தது, சர்க்கரை குறைந்தது, கட்டி சுருங்கியது என்று காகிதத்தில் காட்டலாம். இரண்டாவதற்கு எந்த எண்ணும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர், காசநோய் மருந்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர், கோவிட் வந்து மாதக்கணக்காகியும் மூச்சு வாங்குபவர் எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம். மூலிகையைத் தேடிப் போவதும் அங்கே நின்றுகொண்டுதான். படிக்காததாலோ ஏமாளிகள் என்பதாலோ போகிறோம் என்று நினைக்காதீர்கள். ஒருநாளைக்கு எட்டு மாத்திரை விழுங்குகிற எனக்கு, என் கையாலேயே இடித்துக் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஒன்று இருக்கிறதே என்பது பெரிய தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பில் எவ்வளவு மூலிகையுடையது, எவ்வளவு என் மனசுடையது என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

வைத்தியர் முக்கால் மணி நேரம் பேசினார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, மலம் எப்படிப் போகிறது, எந்தப் பருவத்தில் வலி கூடுகிறது என்றெல்லாம் கேட்டார். நோய் வந்து அதுவரை ஆன நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள். அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவும் சீந்தில் கொடியும் சேர்ந்த ஒரு சூரணம், அதோடு மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் அடைத்த காப்ஸ்யூல் கொடுத்தார். "இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்" என்றார். நான் விடவில்லை. விடவில்லை என்று அவரிடம் சொல்லவுமில்லை. மருத்துவரிடம் சூரணத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., அதாவது கல்லீரல் நொதி, 40ஐ ஒட்டி இருக்கவேண்டியது 190இல் நின்றது. மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, அதே வாரம் காப்ஸ்யூலையும் சூரணத்தையும் சத்தமில்லாமல் குப்பையில் போட்டேன். இரண்டு மாதத்தில் எண் இறங்கியது. எதை நிறுத்தியதால் இறங்கியது? அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் கண்ணில் பட்டது. என் கோப்பில் "மெத்தோட்ரெக்ஸேட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதினார். எனக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரே மருந்தை அந்த ஒரு வரியால் ஒன்றரை வருடம் இழந்தேன். விரல்கள் மறுபடி வீங்கின. இடது கை மோதிர விரல் இன்றும் நேராக நிமிராது.

முடிச்சை அவிழ்த்தது ரத்தம் எடுக்க வந்த ஒரு நர்ஸ். ஊசியைக் குத்திக்கொண்டே, "அக்கா, மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? பொடி, லேகியம், கசாயம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்றார். அந்த "திட்ட மாட்டேன்"தான் என் வாயைத் திறந்தது. அவர் அதைக் குறித்து மருத்துவருக்குச் சொன்னார். மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு பரிசோதனை என்று மெல்ல ஏற்றினார்கள். எண் ஏறவில்லை. இன்றுவரை ஏறவில்லை.

என் மேல் தப்பில்லையா? இருக்கிறது, மறைத்தவள் நான்தான். ஆனால் நான் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் 1990இல் எடுத்து 1993இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், மாற்று வைத்தியம் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று தெரியவந்தது. நாங்கள் ஏன் சொல்வதில்லை என்பதை உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை "மூலிகையா?" என்று கேட்டுப் புருவம் தூக்கினால் போதும், அந்த நோயாளி அப்புறம் எதுவும் சொல்ல மாட்டார். சாப்பிடுவதை நிறுத்தவும் மாட்டார்.

மருத்துவர்களே, இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: அந்தப் புருவத்துக்கு உங்கள் துறையின் சரித்திரமே இடம் கொடுக்கவில்லை. 1775இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம் ஒரு குடும்பக் கைமருந்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். உடலில் நீர் கோத்து வீங்குவதற்கு ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த கலவை அது, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். அவர் சிரிக்கவில்லை. அதில் வேலை செய்வது டிஜிடாலிஸ் செடி ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். பத்து வருடம் நோயாளிகளிடம் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்து, பலித்ததையும் பலிக்காததையும் நஞ்சானதையும் சேர்த்து எழுதி 1785இல் வெளியிட்டார். இன்றும் இதயநோய்க்கு எழுதுகிற டிகாக்ஸின் அந்தச் செடிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. ரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தாவைக் கொடுத்துப் பார்த்ததை 1949இல் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இந்திய இதய மருத்துவர் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதியபின் உலகமே அந்த வேரைத் தேடியது. சர்க்கரைக்கு நீங்கள் தினமும் எழுதுகிற மெட்ஃபார்மினின் பூர்வீகம்கூட ஒரு செடிதான்.

இதைச் சொன்னதும் வைத்தியர்கள் சிலர் நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். விதரிங் கதையில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. இருபது மூலிகையில் வேலை செய்வது எது என்று அவர் தேடினார். எந்த அளவில் அது மருந்து, எந்த அளவில் நஞ்சு என்று குறித்துவைத்தார். எனக்குக் கிடைத்த சூரணப் பொட்டலத்தில் பெயரே இல்லை. கேட்டபோது, "அது எங்க பரம்பரை முறை" என்றார் வைத்தியர்.

பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரஸ்ஸல்ஸில் நடந்தது போதும். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஓர் எடைகுறைப்பு மையத்துக்குப் போய்வந்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் பழுதானது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரைத் தொட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த சீன மூலிகையின் பெயர் ஃபாங்ஜி. அந்தப் பெயரில் இரண்டு வேறு செடிகள் புழங்கின. ஸ்டெஃபானியா வரவேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா வந்துவிட்டது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அரித்தது, பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. இது ஏதோ சீனாக்காரர்களின் குழப்பம் என்று தள்ளிவிட வேண்டாம். ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனச் செடிகள், அதே அமிலம் உள்ளவை.

சீந்தில் விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதே இனத்து வேறு கொடியா என்று ஆராயவில்லையே என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. கேள்வி நியாயமானது. ஆனால் சாப்பிட்டது என்ன கொடி என்று கொடுத்தவர் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தச் சண்டை ஒரே நாளில் தீர்ந்திருக்கும். எனக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. சீந்திலை நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். முடக்குவாதம் என்பதே எதிர்ப்புச் சக்தி தடம்புரண்டு சொந்த மூட்டையே கடிப்பது. மருத்துவர் அதை அடக்க மாத்திரை தருகிறார், வைத்தியர் அதைத் தட்டியெழுப்பச் சூரணம் தருகிறார். நடுவில் நான்.

"மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து மூட்டை கட்டுங்கள். விளைவு உள்ள எதற்கும் பக்கவிளைவு இருக்கத்தான் செய்யும். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் நிறைய நாள் நிறையச் சாப்பிட்டால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு, இதயத்துக்கு டிகாக்ஸின் எடுப்பவருக்கு அது விளையாட்டில்லை. அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றலாம். அதனாலும் வேறு ஐயங்களாலும் டென்மார்க் 2023இல் அதைத் தடைசெய்தது. அது அதீதம் என்று வாதாடலாம், தைராய்டு நோயாளிக்குச் சொல்லாமல் கொடுப்பதை வாதாட முடியாது.

மஞ்சளையும் சொல்லவேண்டும், என் கதை அதில்தானே சிக்கியது. மஞ்சளில் உள்ள குர்குமின் சாதாரணமாக உடலில் ஒட்டாது, வந்த வழியே போய்விடும். அதோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காப்ஸ்யூல் தயாரிப்பவர்கள் அதை விளம்பரமாகவே போடுகிறார்கள். ஒட்டாமல் போனதுதான் இத்தனை நாள் பாதுகாப்பு என்று யாரும் யோசிக்கவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்புக் குழு, மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022இல் எழுதியது. பரிசோதித்த ஏழு தயாரிப்புகளில் மூன்றில் மிளகுச் சாறும் இருந்தது. என் கல்லீரலுக்கும் அதுதான் நேர்ந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போனதுதான் என் புகாரே.

அடுத்து வருவதை எழுதக் கோபம் வருகிறது. சில "மூலிகைப் பொடிகளில்" ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் விற்கிறவற்றில் இது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் பயந்து திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், உடல் சரிந்து உயிருக்கே மோசமாகலாம். நேர்மையான வைத்தியர்கள் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசாதது எனக்குப் புரியவே இல்லை. கெட்ட பெயர் உங்களுக்குத்தானே? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மீதி 56இல் இல்லை என்பதும் அதே ஆய்வுதான் சொல்கிறது. அந்த 56ஐச் செய்தவர்கள்தான் பேசவேண்டும்.

சரி, எல்லாம் ஆபத்து என்று பயமுறுத்திவிட்டு ஓடிவிடவா எழுதுகிறேன்? இல்லை. இன்றும் நான் சில மூலிகைகள் எடுக்கிறேன். இசப்கோல் மலச்சிக்கலுக்கு உதவுகிறது, கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் மற்ற மாத்திரைகளோடு ஒன்றாக விழுங்கினால் அவற்றைச் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளவேண்டும். இதை எனக்குச் சொன்னது மருந்துக்கடைக்காரர், நீங்கள் இருவருமே சொல்லவில்லை. குடல் எரிச்சல் நோய்க்குப் புதினா எண்ணெய்க் காப்ஸ்யூலை மருத்துவர்களே எழுதுகிறார்கள். குமட்டலுக்கு இஞ்சி பலருக்குக் கேட்கிறது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியை மனச்சோர்வுக்கு 29 ஆய்வுகளில் 5,489 பேரிடம் சோதித்ததை 2008இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பு அலசியது. மருந்தே இல்லாத ஒப்புக்கான மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்தது, வழக்கமான மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடாகவே இருந்தது. அதே செடிதான், 2000இல் வெளியான ஆய்வுகளின்படி, எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரின் அளவை ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறக்கியது. இதயம் மாற்றிக்கொண்ட இருவருக்கு, அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினின் அளவைக் குறைத்து, மாற்றிய இதயத்தையே உடல் எதிர்க்க வைத்தது. மற்ற மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரம் அரைத்து வெளியேற்றும்படி அந்தச் செடி முடுக்கிவிடுகிறது. ஒரு செடி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடை, பக்கத்தில் இன்னும் என்ன மாத்திரை இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இரு தரப்பிலும் யாரும் கேட்பதில்லை.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். மருத்துவர்களே, உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் ஒவ்வாமைக்கு ஓர் இடம் விட்டிருக்கிறீர்களே, அதற்குக் கீழே இன்னொரு வரி: பொடி, கசாயம், லேகியம், காப்ஸ்யூல். கேள்வியை "மூலிகை ஏதும் சாப்பிடுவதில்லையே?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வோம். அந்த நர்ஸ் கேட்ட மாதிரி கேளுங்கள். பதில் வந்தால் எழுதுங்கள். கூடாது என்றால் ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பாதகமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மற்ற பத்தையும் மறைக்காமல் இருப்போம். அறுவைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகைகளை நிறுத்தவேண்டும் என்று மயக்க மருந்து நிபுணர்கள் அறிவுறுத்துகிறார்கள். நான் மணிக்கட்டு அறுவைக்குப் போனபோது எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தேன் என்று மூன்று பேர் கேட்டார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியர்களே, உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு. மூலிகையின் பெயர், வேரா இலையா பட்டையா, எத்தனை கிராம், எத்தனை நாள். தாவரவியல் பெயரும் தெரிந்தால் இன்னும் நல்லது, ஒரே பெயரில் ஊருக்கு ஒரு செடி இருக்கிறது. ஐந்தைச் சேர்த்துத் தொடங்காமல் ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள், எது கேட்டது எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியும். தொடங்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை, ஆறு வாரம் கழித்து இன்னொன்று. "இங்கிலீஷ் மருந்தை விட்டுடலாம்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அதை எழுதியவரோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள். இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ ஸ்டீராய்டையோ அந்த ஒரு பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்கள் ஆம்புலன்ஸில்தான் திரும்பி வருகிறார்கள். அப்போது அங்கே நீங்கள் இருப்பதில்லை. இது கடுமையான பேச்சுதான், தெரியும். முக்கால் மணி நேரம் என் பேச்சைக் கேட்டவர் நீங்கள் என்ற மரியாதையிலேயே சொல்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை மருத்துவர்கள் கடன் வாங்கிக்கொண்டாலும் எங்களுக்குப் பாதி நோய் குறையும்.

இரு தரப்பும் ஒரே நாளில் கைகோத்துவிடுவீர்கள் என்ற நப்பாசை எனக்கு இல்லை. அதுவரை சீட்டைச் சுமப்பது நோயாளிதான். நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இடதுபக்கம் மாத்திரைகள், வலதுபக்கம் மூலிகைகள், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, அடியில் தூக்கமும் அசதியும் எப்படி என்று இரண்டு சொல்.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நோட்டையும், வீட்டிலுள்ள பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருகிறேன். மேஜையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள், டாக்டர்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் நோயாளி